வேலியும் ஊராட்சியும்: கூச் பிகார் தரும் படிப்பினை

(கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

எல்லைப்புற மாவட்டம் என்றதும் ஆளும் வர்க்க ஊடகங்கள் ஊடுருவல், கடத்தல் என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அங்கே விதைப்பவர் யார், அறுப்பவர் யார், அவர்களை நிர்வகிப்பவர் யார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. மேற்கு வங்கத்தின் வடபகுதியிலுள்ள கூச் பிகார் மாவட்டம் இந்தக் கேள்விகளுக்கு விடை தருகிறது.

மாவட்டத்தின் பரப்பு 3,387 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 28 லட்சம். பத்தில் ஒன்பது பேர் கிராமவாசிகள். பாதிப்பேர் பட்டியல் சாதியினர், அவர்களுள் ராஜ்பன்ஷி மக்களே மிகுதி. தெற்கே வங்கதேசம், கிழக்கே அசாம். தீஸ்தா, ஜல்தாகா, தோர்ஷா, ராய்டாக் ஆகிய ஆறுகள் இமயமலைப் பகுதியிலிருந்து இறங்கி, இச்சமவெளியைக் கடந்து வங்கதேசத்திற்குள் நுழைகின்றன. நெல், சணல், புகையிலை, உருளைக்கிழங்கு ஆகியவை முதன்மைப் பயிர்கள். ஐந்து உட்கோட்டங்கள், 12 ஊராட்சி ஒன்றியங்கள், 128 கிராம ஊராட்சிகள் என்பது நிர்வாக அமைப்பு.

இந்த அமைப்புக்குள் அடங்காத நிலங்களும் இங்கு இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர்களுக்கும் கூச் பிகார் அரசர்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின், ஒருவர் ஆட்சிப்பரப்புக்குள் மற்றவரின் நிலத்துண்டுகள் தீவுகளாக எஞ்சின. இவையே சிட்மஹால்கள். 1947இல் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது; 1949இல் கூச் பிகார் இந்தியாவுடன் இணைந்தது. மன்னராட்சிக் காலத்து வரப்புகள் ஒரே நொடியில் பன்னாட்டு எல்லைகளாக மாறின. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். 2011 கூட்டுக் கணக்கெடுப்பில் இவற்றில் வாழ்ந்தோர் மொத்தம் 51,549 பேர்.

1977இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி அரசு, 1978 ஜூனில் மூன்றடுக்கு ஊராட்சித் தேர்தலை நடத்தியது. குத்தகை விவசாயிகளின் பெயர்களைப் பதிவு செய்யும் பர்கா இயக்கமும் அதே ஆண்டில் தொடங்கியது. வரப்புக்கு இப்புறம் இருந்த கூலி விவசாயி ஊராட்சி உறுப்பினரானார். பங்குச் சாகுபடியாளரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதே வரப்புக்கு அப்புறம், சிட்மஹாலில், பதிவேடும் இல்லை, பள்ளியும் இல்லை, மின்கம்பமும் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு இப்புறமுள்ள இந்தியக் குடிமகன் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் பல. மண்ணும் மொழியும் உழைப்பும் ஒன்றாயிருந்தும், நிர்வாகம் இருந்ததா இல்லையா என்பதே இருவேறு வாழ்வுகளை உருவாக்கியது.

இதற்குத் தீர்வு காணும் எல்லை உடன்படிக்கை 1974இல் கையெழுத்தானது. வங்கதேசம் அதே ஆண்டில் அதனை ஏற்றது. இந்திய நாடாளுமன்றம் 100ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற 2015 மே மாதம் வரை, 41 ஆண்டுகள் ஆயின. 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. இந்தியாவுக்குள் இருந்த 51 துண்டுகளின் மக்கள் அனைவரும் இந்தியக் குடியுரிமையையே தேர்ந்தனர். 2016 சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர். ஆனால் அவர்கள் உழுத நிலத்திற்கு உரிமைப் பத்திரம் வழங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2018 நவம்பரில்தான். வாக்குரிமை வந்தும், நிலவுரிமைக்கான சட்டத்துக்கே மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இன்று இன்னொரு கோடு நிற்கிறது. எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானங்கள் கூடாது என்பது 1975ஆம் ஆண்டு இருநாட்டு வழிகாட்டு நெறி. ஆகவே முள்வேலி இந்திய மண்ணுக்குள்ளேயே எழுப்பப்பட்டது. விவசாயியின் வயல் வேலிக்கு அப்பால். வீடு வேலிக்கு இப்பால். வாயில் திறக்கும் நேரமே அவரது உழைப்பு நேரம். உயரமாக வளரும் சணலைப் பயிரிடுவதற்கு ஆட்சேபம் எழுவதும் உண்டு. 2021 அக்டோபரில் ஒன்றிய அரசு எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார எல்லையை 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக விரித்தது. மாவட்டத் தலைநகரம் உள்ளிட்ட மிகப் பெரும் பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது.

இச்சூழலில் ஊராட்சி வலுவாக இருந்தாக வேண்டும். ஆனால் 2018 ஊராட்சித் தேர்தலில் மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்கள் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. வாக்காளர் அனைவரும் கூடிப் பேச வேண்டிய கிராம சன்சத், கையொப்பச் சடங்காகச் சுருங்கும்போது, வாயிற்காவலின் குரலே கிராமத்தின் சட்டமாகிவிடுகிறது.

2025 நவம்பரில் மேற்கு வங்கத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2002ஆம் ஆண்டுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. அந்த ஆண்டில் இந்தச் சிட்மஹால்கள் இந்திய நிலமாகவே இருக்கவில்லை. தந்தையின் பெயரை அங்கே தேடச் சொல்வது, இல்லாத கிணற்றில் நீர் இறைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். இரு அரசுகளும் சேர்ந்து எடுத்த 2011, 2015 கணக்கெடுப்புப் பதிவுகள் இருக்கும்போது, வேறு சான்று கேட்பதற்கு நியாயமில்லை.

தோழர்களே! கோரிக்கைகள் தெளிவானவை. வேலி வாயிலின் நேரத்தை விவசாயிகளுடனும் ஊராட்சியுடனும் கலந்து முடிவு செய்ய வேண்டும். வேலிக்கு அப்பாலுள்ள நிலத்துக்கு இழப்பீடு வேண்டும். முன்னாள் சிட்மஹால்களில் ஒவ்வொரு சாகுபடியாளர் கையிலும் நிலப் பத்திரம் சேர வேண்டும். ஒரு பெயரும் வாக்காளர் பட்டியலிலிருந்து அநியாயமாக நீக்கப்படக் கூடாது. வீடு வீடாகச் சென்று ஆவணங்களைச் சரிபார்ப்பதும், கிராம சன்சத்தைக் கூட்டவைப்பதும் கிளைகளின் அன்றாடப் பணியாக வேண்டும். அரசாங்கங்கள் நாட்டின் எல்லையைக் காவல் படையால் அளக்கின்றன. அங்கு வாழும் மக்களோ அதனைத் தங்கள் பெயர் ஏறிய பதிவேட்டால் அளக்கிறார்கள். அந்தப் பதிவேட்டைக் காப்பது கட்சியின் கடமை.