இணைப்புப் பேச்சும் பங்கு விலையும்

தென்காசியில் ஒரு வங்கிக்கோ, குற்றாலத்தில் ஒரு விடுதிக்கோ போனால், சுவரோரம் வயர்கள் செருகிய சிறு பெட்டி ஒன்று பச்சை விளக்குகள் மினுக்க இருக்கும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் அது. இந்தக் கருவிகளைச் செய்யும் பெரிய கம்பெனிகளில் யார் யாரை வாங்கப்போகிறார்கள் என்ற பேச்சு பங்குச்சந்தையில் ஓய்வதே இல்லை.

2024 ஜனவரியில், அப்படி ஒரு கம்பெனியான ஜூனிபர் நெட்வொர்க்ஸை ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ் வாங்கப்போவதாகச் செய்தி கசிந்தது. ஜூனிபர் பங்கு எகிறியது. வாங்கும் கம்பெனியின் பங்கு இறங்கியது. பங்குக்கு 40 டாலர், மொத்தம் சுமார் 1,400 கோடி டாலர் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் இருவரும் அலுவலக வைஃபை கருவிகளில் நேரடிப் போட்டியாளர்கள். போட்டி குறைந்தால் விலை ஏறும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. ஜூனிபர் பங்கு சரிந்தது. சமரசமாகி இணைப்பு முடிந்தபோது தேதி 2025 ஜூலை 2. வதந்தியை நம்பி வாங்கி, இணைப்புக்காகக் காத்திருந்தவரின் பணம் ஒன்றரை ஆண்டு முடங்கிக் கிடந்தது.

இதே துறையில் வளர்ந்ததுதான் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, நெட்வொர்க் கருவிக் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றது. 2001 வாக்கில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்ததும் அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காததால், கம்பெனியை விற்றுவிடு என்று நெருக்க ஆளில்லை. யார் செய்த கருவியானாலும் கண்காணிக்கும் மென்பொருளை உருவாக்கி, மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் அலுவலகங்களுக்கே நேரடியாக விற்று நிமிர்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது கைவசம் இருந்த சரக்குதான்.

முதலீட்டாளர் பார்க்க வேண்டியதும் அதைத்தான். இணைப்பு நடக்காமல் போனாலும் இந்தப் பங்கு இந்த விலை பெறுமா? கம்பெனியின் பொருளை யார், எதற்காக வாங்குகிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் காசைப் போடாதீர்கள்.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும் நமக்குத் துணை நிற்கிறது. முக்கிய ஊடகங்களில் வரும் வதந்தியால் பங்கு விலை கணிசமாக நகர்ந்தால், சந்தை மதிப்பில் முதல் 250 பட்டியலிட்ட கம்பெனிகள் 24 மணி நேரத்துக்குள் அதை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். 2024 ஜூனில் முதல் 100 கம்பெனிகளுக்கும், டிசம்பரில் மற்றவற்றுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. அத்தகைய செய்தியை வைத்து வாட்ஸ்அப்பில் வரும் ‘டிப்ஸை’ நம்பி அவசரப்படாமல், அந்த ஒரு நாள் பொறுங்கள். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அந்தப் பொறுமை கட்டாயம் தேவை.