உணவுக்குழாயின் ஒவ்வாமை



இலங்கையிலேயே மிக உயரத்தில் அமைந்த புகையிரத நிலையம் பட்டிப்பொல. அதற்கு அடுத்த நிலையமாகிய அம்பேவலயில் பேர்பெற்ற பாற்பண்ணை ஒன்று உண்டு. சுற்றுப்புறத் தோட்டங்களின் லயங்களிலோ விடியுமுன்னரே கோதுமை மா ரொட்டி அடுப்பேறிவிடும். உடலை வளர்க்கும் இந்தப் பாலும் கோதுமையுமே ஒரு சிலருடைய உணவுக்குழாய்க்குப் பகையாகிவிடுகின்றன.

ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து, நெடுநேரம் மென்று, வாய்க்கு வாய் நீர் அருந்தி உண்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்களுடைய சுபாவம் என்று விட்டுவிடுகிறோம். அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள தசைக்குழாய். நம் குருதியில் இயோசினோபில் என்னும் ஒருவகை வெண்கலம் இருக்கிறது. இயோசின் என்ற சாயத்தை ஏற்றுச் சிவப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. நலமுள்ள உணவுக்குழாயில் இக்கலங்கள் காணப்படுவதில்லை. ஒவ்வாத உணவைப் பகையெனக் கருதும் உடல், அவற்றை அங்கே திரளாக அனுப்புகிறது. குழாயின் சுவர் அழற்சியுற்று வீங்குகிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் தழும்பேறி ஒடுங்குகிறது. 1990களில்தான் மருத்துவர்கள் இதனைத் தனியொரு நோயாக இனங்கண்டனர்.

ஆஸ்துமா, தோல் கரப்பான் போன்ற ஒவ்வாமை உடையோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குழந்தைகளோ வாந்தி எடுப்பார்கள், உணவை மறுப்பார்கள், எடை கூடாதிருப்பார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர் என்று அடிப்பதில் பயனில்லை.

அகநோக்குக் கருவியால் குழாயினுள் பார்த்து, சிறிதளவு இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தே நோயைத் துணிய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து, விழுங்கத்தக்க ஸ்டீரொயிட் மருந்து, ஒவ்வாத உணவை விலக்குதல் ஆகியன சிகிச்சை முறைகள். பெரும்பாலும் குற்றவாளி பாலே. கோதுமை, முட்டை, சோயா முதலியனவும் உண்டு. எது பகை என்பதைத் தோற் பரிசோதனை நம்பத்தக்கவாறு காட்டுவதில்லை. ஆகவே வைத்தியரின் மேற்பார்வையில் உணவை விலக்கி, மீண்டும் சேர்த்துப் பார்த்தே அறிய வேண்டும். வளரும் பிள்ளைக்குத் தாமாகவே பாலை நிறுத்துவது தகாது.

இந்நோய் அரியதே. ஆயினும் விழுங்குவதில் இடர்ப்பாடு எவருக்கு நேரினும் அதனைப் புறக்கணிக்கலாகாது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் முதியோரில் அது புற்றுநோயின் முதற்குறியாகவும் இருக்கக்கூடும்.

இன்னொன்று. உணவு நெஞ்சில் சிக்கி, உமிழ்நீரும் இறங்காவிடில், சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கி அதைத் தள்ள முயலாதீர்கள். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். மலையிலிருந்து செல்லும் வழி நீண்டது. ஆதலால் முந்திப் புறப்படுவதே நன்று.