கெர்னல் திருகும் கைவேலை



கண்ணுக்கே தெரியாத ஒரு கைவேலையை இன்று எடைபோடப் போகிறோம். லினக்ஸ் கணினியின் அடிவயிற்றில் ஓடும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். வலைப் போக்குவரத்துக்கென்றே அதில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் உண்டு. சிஸ்சிடிஎல் என்ற கட்டளையால் அவற்றைத் திருகி வேகம் கூட்டுவதுதான் இந்த வேலை.

கடலூரில் ஒருவர் 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறார். அமெரிக்காவில் உள்ள சர்வரிலிருந்து ஒரு கோப்பை இறக்குகிறார். அங்கே போய்வரச் செய்திக்குக் கால் நொடி ஆகிறது. தரவை அனுப்பும் முறையான டிசிபியின் பழைய விதிப்படி, பதில் வருவதற்குள் அனுப்பக்கூடியது 65,535 பைட்தான். கணக்குப் போட்டால் நொடிக்கு 2 மெகாபிட் தேறும். மீதி 98-க்கும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போகும் குழாய் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த நீளம் முழுக்க நிரம்பி நின்றால்தான் மறுமுனையில் முழு வேகத்தில் கொட்டும். இங்கேயும் அப்படித்தான்: 100 மெகாபிட் பாதை நிரம்ப 3 மெகாபைட் வழியிலேயே இருந்தாக வேண்டும். அதற்கு இடம்கொடுக்கும் விதி 1992-இல் வந்தது. இன்றைய லினக்ஸ், வரும் தரவைத் தாங்கும் இடமான பெறும் பஃபரைத் தானே பெருக்கிக்கொள்கிறது. வழக்கமான உச்சவரம்பு 6 மெகாபைட்டாக இருந்தது; 2025-இல் அது இன்னும் கூடியது. ஆகவே நம் கடலூர்க்காரர் எதையும் தொடவேண்டாம். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் போன்ற ஓரிடத்தில், 1 கிகாபிட் பாதையில், ஒரே இணைப்பாக வெளிநாட்டுத் தரவை இழுக்கவேண்டும் என்றால் கதை வேறு. அதற்கு 31 மெகாபைட் வேண்டும். அங்கே கைவைக்க நியாயம் இருக்கிறது.

நியாயம் பார்க்காமல் கைவைப்பவர்கள்தான் அதிகம். யாரோ எழுதிவைத்த நாற்பது வரியை அப்படியே ஒட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியல்களில் வெகுகாலம் இடம்பிடித்திருந்தது ‘டிடபிள்யூ ரீசைக்கிள்’ என்ற அமைப்பு. முடிந்த இணைப்புகளை ஒரு நிமிடம் காத்திருக்க விடாமல் உடனே துடைத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் பத்துப் பேருடைய கைபேசிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கக்கூடும். ஒவ்வொன்றின் நேரக்குறியும் வேறு. சர்வரோ எல்லாம் ஒரே ஆள் என்று எண்ணி, பின்தங்கிய நேரக்குறி உள்ளவற்றைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடும். ஒருவருக்குப் பக்கம் திறக்கும், பக்கத்தில் நிற்பவருக்குத் திறக்காது. 2017-இல், 4.12 பதிப்பில், இந்த அமைப்பையே கெர்னலிலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். தாமதமாகச் செய்த நல்ல காரியம்.

உண்மையான கலைஞர்கள் வேறு மாதிரி. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாக விழுந்தது. நடுவே இருந்த தூரம் 400 கெஜம். நம் சிதம்பரத்துக் கீழவீதிக்கும் மேலவீதிக்கும் இடைவெளி அதைவிட அதிகம். அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் எந்த எண்ணையும் குருட்டுத்தனமாக ஏற்றவில்லை. ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் எப்போது போனது, எப்போது பதில் வந்தது என்று வரைந்து பார்த்தார். நெரிசலில் தானே அடங்கிப்போகும் முறை அதிலிருந்து பிறந்தது. 1988-இல் கட்டுரையாக வந்தது. 2016-இல் கூகுளில் அவரும் கூட்டாளிகளும் கொண்டுவந்த பிபிஆர் என்ற முறை, பொட்டலம் தொலைவதையே நெரிசலாக எண்ணாமல், பாதையின் அகலத்தையும் தாமதத்தையும் அளந்து ஓடுகிறது. எனக்கு அது அழகான வேலையாகவே படுகிறது. ஆனால் சின்ன பஃபர் உள்ள பாதைகளில், லினக்ஸின் வழக்கமான கியூபிக் முறையில் ஓடும் அடுத்தவர் பங்கையும் அது சாப்பிட்டுவிடுகிறது என்ற புகார் பொய்யல்ல.

இந்தப் புகாரைச் சோதிக்கப் பெரிய கூடம் வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் இரண்டு பழைய கணினியும் ஒரு கேபிளும் இருந்தால் போதும். கெர்னலிலேயே நெட்எம் என்ற கருவி இருக்கிறது. அதில் 250 மில்லிநொடித் தாமதத்தைச் செருகி, கொஞ்சம் பொட்டல இழப்பும் சேர்த்து, கியூபிக்கையும் பிபிஆரையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். பிறகு இரண்டையும் ஒரே பாதையில் ஒன்றாக ஓடவிட்டு, யார் பங்கு எவ்வளவு என்று எழுதிவைக்கலாம்.