யானை போன வழி

 

கல்வியின் பயன் என்ன என்று பேசுவது இம்மேடையின் வழக்கம். நான் அதை யானையைக் கொண்டு சொல்லப் போகிறேன்.

2025 மே 11-ஆம் நாள், அன்னையர் தினம். பொழுது விடியுமுன் கெரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் லோரி ஒன்று யானைக்கன்றை மோதிவிட்டது. கன்று மாண்டது. தாய் யானையோ அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. லோரியில் தலையைச் சாய்த்து நின்ற அதன் படத்தைக் கண்டு நாடே கலங்கியது. "ஐயோ பாவம்" என்றோம். ஆனால், பரிதாபம் மட்டும் போதுமா? அந்த நேரத்தில், அந்த இடத்துக்கு யானை ஏன் வந்தது? இதை அறிந்தால்தான் அடுத்த கன்றையும் காக்கலாம், அடுத்த லோரிக்காரரையும் காக்கலாம்.

இதை அறிய ஒரு வழி உண்டு. யானையின் கழுத்தில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். அதிலுள்ள கருவி, துணைக்கோள்களின் உதவியால், யானை இருக்கும் இடத்தைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்து, கோடு போட்டு இணைத்தால் யானை நடந்த பாதை கிடைத்துவிடும்.

ஆனால், ஒரே ஒரு பாதையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு பையன் ஒருநாள் பள்ளிக்கு வராமல் ஆற்றுப் பக்கம் போய்விட்டான் என்பதற்காக, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லலாமா? பல பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆராய்ச்சியாளர் செய்வது அதைத்தான்.

மாணவர்களே, இங்கேதான் உங்கள் கணக்குப் பாடம் வருகிறது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி எவ்வளவு தூரம்? எத்தனை பாகை திரும்பியது? தூரம் குறைந்து, திருப்பம் கூடினால், பெரும்பாலும் அங்கே நின்று மேய்கிறது என்று பொருள். நீண்ட தூரம் நேராகப் போனால், எங்கோ போய்ச் சேரப் பயணம் செய்கிறது. அடுத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் வெட்டினால் இரண்டு யானைகளும் சந்தித்தன என்று சொல்லிவிட முடியாது. ஒன்று திங்களன்றும் மற்றொன்று வெள்ளியன்றும் வந்திருக்கலாம் அல்லவா? மூன்றாவதாக, யானை நடந்த வழியை, அது நடந்திருக்கக்கூடிய மற்ற வழிகளோடு ஒப்பிடுகிறார்கள். எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தது என்பது அதில் தெரியும்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்து ஆய்வாளர்கள் இப்படி 17 யானைகளின் பாதைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். 1982-இல் திறக்கப்பட்ட அதே நெடுஞ்சாலையைப் பற்றிய ஆய்வுதான் அது. யானைகள் சாலையைக் கடப்பது சுமார் 80 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கண்டார்கள். கடந்தவையும் பெரும்பாலும் இரவிலேயே கடந்தன. அப்படியிருந்தும் சாலையோரத்துக்கு ஏன் வருகின்றன? காடு வெட்டிய இடத்தில் புல்லும் இளஞ்செடியும் தழைக்கின்றன. தீனி இழுக்கிறது, சாலை தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது யானை.

2022-இல் வந்த மற்றோர் ஆய்வு, தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோவிலும் 102 யானைகளின் பாதைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை தங்கள் காலத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியேதான் கழிக்கின்றன. அந்தக் காடுகளின் எல்லையோரமே அவற்றுக்குப் பிடித்த இடம். தோழர்களே, காட்டோரம் இருக்கும் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன? விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போகிறவருக்கும், இளஞ்செம்பனைக் கன்றுகள் பிடுங்கிக் கிடப்பதைக் காண்கிறவருக்கும் இது வயிற்றுப்பாட்டுச் சங்கதி, உயிர்ச் சங்கதி.

ஆகவே, யானையை விரட்டுவதா வேண்டாமா என்று வாய்ச்சண்டை போடுவதைவிட, அதன் வழியை அறிந்து நடப்பதே அறிவு. கெரிக் பகுதியில் யானைகள் அடியில் நடந்து போவதற்கென்று உயர்பாலம் கட்டியிருக்கிறார்கள். அத்தகைய பாலம் எங்கே வேண்டும், எந்த மைலில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும், எந்த நேரத்தில் ஆட்களைக் காட்டோரம் அனுப்பக்கூடாது என்பதை எல்லாம் ஒப்பிட்ட பாதைகள் சொல்லும்.

பெற்றோர்களே, உங்களிடமும் அந்த அறிவு இருக்கிறது. அது வாய்ப்பேச்சாகவே போய்விடக் கூடாது. யானை வந்த நாள், நேரம், இடம், எத்தனை வந்தன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பின்னால் போய்ப் பார்க்க வேண்டாம். கண்டதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் போதும். நான்கு வீட்டுக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வழி தெரியும். வனவிலங்குத் துறைக்கும் அது உதவும்.

ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாதே, பலவற்றை ஒப்பிட்டுப் பார் என்பதுதான் கல்வி தரும் பழக்கம். கணக்கில் பரிசு வாங்கும் பிள்ளையே, நாளை இந்த நாட்டின் யானைப் பாதைகளை நீ வரைய வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்த காடு வேறு யாருக்குத் தெரியும்?