ரெண்டு பசங்க, ஒரு வெள்ளிக் காசு

பழைய ரோமானியக் காசு சேர்க்கணும்னு இறங்குற பலருக்குக் கையில மாட்டுறது ஒரு குறிப்பிட்ட வெள்ளி தினாரியஸ்தான். முன்பக்கம் பேரரசர் அகஸ்டஸ். பின்பக்கம் டோகா போட்ட ரெண்டு பசங்க, ஆளுக்கொரு கேடயத்தைப் பிடிச்சுட்டு நேரா நம்மளப் பார்த்து நிக்கிறாங்க. கயஸ், லூசியஸ். அகஸ்டஸோட மகள் ஜூலியாவுக்கும் அக்ரிப்பாவுக்கும் பிறந்தவங்க. கி.மு. 17-ல தாத்தாவே ரெண்டு பேரையும் தத்தெடுத்துட்டார்.

இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துல, கி.மு. 2 வாக்கில இதை அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. பசங்களுக்கு மேல ஒரு பூசாரிக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். சுத்தி இருக்கிற எழுத்து சொல்றது: இவங்க அகஸ்டஸோட மகன்கள், வருங்கால கான்சல்கள், இளைஞர்களின் தலைவர்கள். சுருக்கமா, அடுத்த ராஜா யாருங்கிற அறிவிப்பு.

ஆனா கி.பி. 2-ல லூசியஸ் மார்சேய்ல இறந்துட்டான், வயசு 18. கி.பி. 4-ல அர்மீனியாவுல பட்ட காயத்தோட ஊர் திரும்புற வழியில கயஸும் போயிட்டான். அரியணை கடைசியில திபேரியஸுக்குப் போச்சு. காசு மட்டும் சுத்திட்டே இருந்தது. நிறுத்தின வெர்ஷன் இன்னும் புரொடக்‌ஷன்ல ஓடுற மாதிரி.

அது எங்க வந்து நின்னதுன்னு பார்த்தா, நம்ம ஊர்ல! கோயம்புத்தூர் பக்கம் கிடைச்ச புதையல்கள்ல இந்தக் காசும் திபேரியஸோட தினாரியஸும்தான் ரொம்ப அதிகம். மிளகு வாங்க வந்த வெள்ளி. இங்க இருந்தவங்களுக்கு அந்தப் பசங்க யாருன்னு தெரிஞ்சிருக்கவே வேண்டாம், வெள்ளி நல்ல வெள்ளியா இருந்தா போதும். இதைப் பார்த்து இந்தியாவுலயே அடிச்ச நகல்களும் உண்டு.

வாங்கப் போறவங்க எடையைப் பாருங்க, நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கணும். விளிம்பையும் பாருங்க. அச்சுல வார்த்த போலின்னா அங்க சுத்தி ஒரு கோடு தெரியும். உள்ள செம்பு வச்சு மேல வெள்ளி போர்த்தின போலி அந்தக் காலத்துலயே இருந்தது. எனக்கு அதுதான் இன்னும் சுவாரசியம்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். "நிலத்துல உழுதப்ப கிடைச்சது சார்"னு யாராவது கொண்டு வந்தா வாங்காதீங்க. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலை கலெக்டர்கிட்ட சொல்லணும்னு 1878 சட்டமே சொல்லுது. எந்த ஊர், எந்தப் பானை, கூட என்னென்ன காசு இருந்ததுன்னு பதிவு ஆகாம பிரிஞ்சு போன காசு வெறும் வெள்ளித் துண்டு. நேர்ல பார்க்கணும்னா எழும்பூர் மியூசியத்துல ரோமானியக் காசுகள் இருக்கு. ஒரு லென்ஸ் எடுத்துட்டுப் போங்க.