காவல் நிலையம் முதல் நில அலுவலகம் வரை: எந்தப் பதிவு யார் கைக்கு வரும்?



பிள்ளையைப் போலீஸ் பிடித்துச் சென்றுவிட்டது என்ற செய்தி வந்தால் நம் குடும்பங்களில் முதலில் என்ன நடக்கிறது? அப்பா ஒரு நிலையத்துக்கு ஓடுவார், மாமா இன்னொரு நிலையத்துக்கு ஓடுவார். தெரிந்தவர், தலைவர் என்று பத்துப் பேருக்குத் தொலைபேசி போகும். சட்டம் என்ன சொல்கிறது, எந்தத் தகவலைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இன்றைய கருத்துக்களத்தில் செலாங்கூர் மாநிலத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் கைதானவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நம் நாட்டில் அப்படிப்பட்ட பொதுப் பட்டியல் கிடையாது. செலாங்கூர் அரசு 2011ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது மாநில இலாகாக்கள், ஊராட்சி மன்றங்கள் போன்ற மாநில அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். போலீசும் நீதிமன்றமும் கூட்டரசின் கீழ் வருபவை. ஷா ஆலாமில் இருக்கும் மாநிலச் செயலகத்தில் மனுக் கொடுத்து, கிள்ளானில் நடந்த கைது பற்றிய விவரத்தைப் பெற முடியாது.

அப்படியானால் குடும்பம் எதைப் பிடித்துக்கொள்வது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவைத்தான். கைது செய்யப்பட்டவரிடம் வாக்குமூலம் வாங்கும் முன்பே, அவர் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்பதைப் போலீஸ் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், சான்றுகள் அழிந்துவிடும் என்று நம்பக் காரணம் இருப்பது போன்ற சில நிலைகளில் இதற்கு விதிவிலக்கு உண்டு. 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்று கூட்டரசு அரசமைப்பின் 5ஆம் விதியே சொல்கிறது.

ஆகவே நிலையம் நிலையமாக அலைவதைவிட, எந்த மாவட்டப் போலீஸ் தலைமையகம் கைது செய்தது என்பதை முதலில் கேளுங்கள். கைது செய்த இடம் ஒன்றாக இருக்கும், அடைத்து வைத்திருக்கும் லாக்காப் வேறொன்றாக இருக்கும். மூன்று கேள்விகளை மறக்கக் கூடாது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கைது? புலனாய்வு அதிகாரி யார்? தடுப்புக் காவலுக்காக எந்த நீதிமன்றத்துக்கு, எத்தனை மணிக்குக் கொண்டு போகிறார்கள்? பதில்களை ஒரு தாளில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

சட்டப் பிரிவைக் கேட்பது ஏன் முக்கியம்? நாள் கணக்கு அதைப் பொறுத்தே அமைகிறது. 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால், மாஜிஸ்திரேட் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள் தடுப்புக் காவல் தரலாம். அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். சோஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைது என்றால் நடைமுறையே வேறு. அந்தப் பெயரைக் கேட்டவுடன் தாமதிக்காமல் வழக்கறிஞரை நாட வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். கைது நேரத்திலும் தடுப்புக் காவல் விசாரணையிலும் மலேசியக் குடிமக்களுக்கு உதவுவதற்கென்றே தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் தயங்காமல் அதை அணுக வேண்டும்.

இனி மறுபக்கம். புகார் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. போலீசில் புகார் கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லை என்று புலம்புவோர் நம்மிடையே பலர். அதே சட்டத்தின் 107ஏ பிரிவு, புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம் என்கிறது. புகார் கொடுத்து 4 வாரம் கழிந்திருக்க வேண்டும். கேட்ட 2 வாரத்துக்குள் நிலவர அறிக்கை தரப்பட வேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது. சிறார் வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர, நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் ஆகியவற்றின் எழுத்துத் தீர்ப்புகள் நீதித்துறையின் இணையத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவருக்கு, விசாரணை தொடங்கும் முன்பே முதல் புகாரின் நகலையும் அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்களையும் தர வேண்டும் என்று 51ஏ பிரிவு கூறுகிறது.

கைதுப் பதிவைத் தேட முடியாவிட்டாலும், தேடக்கூடிய பதிவுகள் பல உண்டு. ஒருவர் திவாலானவரா என்பதை, அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு, மலேசிய திவால் இலாகாவில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். நிறுவனத்தின் இயக்குநர் யார் என்பதை எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் அறியலாம். வீடு வாங்குமுன், நிலம் யார் பெயரில் இருக்கிறது, வங்கிக்கு அடமானம் உண்டா, தடை மனு விழுந்திருக்கிறதா என்பதை நில அலுவலகத்தில் பார்க்கலாம். முன்பணம் கொடுத்து ஏமாந்த பிறகு அழுவதைவிட, நிலத் தேடலுக்கு ஆகும் சிறு தொகையைச் செலவிடுவது எவ்வளவோ மேல். ஊராட்சி மன்றம் உங்கள் தாமானில் எந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது என்பது போன்ற விவரங்களைக் கேட்கத்தான் 2011ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் கைகொடுக்கும்.

நேயர்களே, கடைசியாக ஒன்று. மாப்பிள்ளை பார்க்கும்போதும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் "அவன் உள்ளே போய் வந்தவனாம்" என்ற ஒரு சொல்லை வைத்து ஒருவரின் வாழ்க்கையையே நாம் தீர்மானித்துவிடுகிறோம். கைது என்பது சந்தேகம். குற்றச்சாட்டு என்பது அரசுத் தரப்பின் வாதம். தீர்ப்பு ஒன்றுதான் முடிவு. தடுப்புக் காவலில் இருந்துவிட்டுக் குற்றச்சாட்டே இல்லாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. வழக்கு நடந்து விடுதலையானவர்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? குறுஞ்செய்தியில் வரும் படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன், இந்த வழக்கில் தீர்ப்பு வந்ததா என்று ஒரு முறை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

உரிமையைத் தெரிந்து வைத்திருப்பவர் அதிகாரியிடம் கெஞ்சவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். பிரிவைச் சொல்லி, பணிவாக, எழுத்தில் கேட்பார். அந்தப் பழக்கம் நம் ஒவ்வொரு வீட்டிலும் வரட்டும்.