கௌரவமாக ஓரங்கட்டுவது



இந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேச "அருமை தெரியாதவர்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யாரை மனதில் வைத்துக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர் கூப்பிட்டார்கள். "என் கதையைத்தானே பேசப்போறீங்க?" என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அந்த அருமை தெரியாதவன் நான்தான்யா" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

நம் பழமொழிகளும் அப்படித்தான். குடத்திலிட்ட விளக்கு என்கிறோம். விளக்கைக் குடத்துக்குள் வைத்தது யார் என்று கேட்பதில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்கிறோம். விலை கேட்காமல் போனவர்கள் வேற்றூர்க்காரர்களா? அதே சந்தைக்குப் போன நாம்தானே! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லும்போது, சொல்கிறவர் எப்போதும் கற்பூரத்தின் பக்கம்தான் நிற்பார். அலுவலகத்தில், கட்சியில், குடும்பத்தில், "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்று புலம்பாத ஆள் உண்டா? எல்லோருமே கறிவேப்பிலை என்றால், அதை இலை ஓரத்தில் ஒதுக்கிய கை யாருடையது?

இவை பாதிக்கப்பட்டவரைத் தட்டிக்கொடுக்கும் சொற்கள். செய்தவரை ஒன்றும் செய்யாத சொற்கள். அதனால்தான் நாம் அவற்றை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறோம்.

பழைய புலவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடியவர். மன்னன் அதியமானைத் தேடிப் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்து அனுப்புகிறான். நாமாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்து, வழியெல்லாம் புலம்பியிருப்போம். அவர் வாங்கவில்லை. ஆளைப் பார்க்காமல் தருவதை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல, என் தகுதி அறிந்து தினையளவு தந்தாலும் எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு அது.

அதே மனிதர் இளவெளிமான் என்ற தலைவனிடம் போனபோது அவன் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். அதையும் தொடவில்லை. நேரே முதிரமலைத் தலைவன் குமணனிடம் போய் ஒரு யானையைப் பரிசாகப் பெற்றார். பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை ஐயா! இளவெளிமான் ஊருக்குத் திரும்பி வந்து, அவனுடைய காவல்மரத்தில் அந்த யானையைக் கட்டிவிட்டு, "இது நான் உனக்குத் தரும் பரிசு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அது 162ஆம் பாட்டு. என்ன திமிர் பாருங்கள்! அவருடைய வீட்டில் அன்று உலை வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் இதையே இன்னும் நயமாகச் சொன்னார். கொடுப்பது எளிது, யாருக்கு என்ன தகுதி என்று அறிவதுதான் கடினம், புலவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்காதே என்றார். அந்தத் தகுதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வரிசை. இன்றைக்கு வரிசை என்றால் ரேஷன் கடை ஞாபகம்தான் வருகிறது.

சரி, உண்மையிலேயே மதிக்கப்படாதவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்? கவனித்துப் பாருங்கள், அவர்கள் கறிவேப்பிலை, கற்பூரம் எதையும் சொல்வதில்லை. "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டால், விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் அம்மா சொல்கிறார்: "இல்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்."

அந்தச் சும்மாவை அரசாங்கமே அளந்து பார்த்திருக்கிறது. 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களுக்கு 97. சபையில் ஆண்கள் யாரும் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். அந்த 97, வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. இத்தனைக்கும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை மட்டும் பார்க்கும் பெண் 'வேலை செய்யாதவர்' பட்டியலில்தான் இருக்கிறார்.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு நான் கைதட்டுவேன். கைதட்டிவிட்டுக் கணக்கும் போடுவேன். தினம் 299 நிமிடம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 150 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. அது கூலி இல்லை, தெரியும். உரிமை என்று பேரிட்ட பிறகு இந்தக் கணக்கு வராமல் இருக்குமா?

எனக்குக் கோபம் வருவது பழமொழிகள் மீது அல்ல, அலுவலகச் சொற்கள் மீது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே பாடத்தை, அதே வகுப்பில், அவர் வாங்கும் சம்பளத்தில் ஒரு பங்குக்கு இன்னொருவர் எடுக்கிறார். அவருக்கு என்ன பெயர்? கௌரவ விரிவுரையாளர். குறைத்துக் கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம்! கௌரவம், மதிப்பு இரண்டும் பெயரிலேயே தீர்ந்துவிடுவதால் சம்பளத்துக்கு மிச்சமில்லை போலிருக்கிறது. கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தேடிப் போகும் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் விருது கொடுத்தது. நம் கோப்புகளில் அவர்கள் ஊழியர்கள்கூட இல்லை, தன்னார்வலர்கள். ஆர்வத்தில் வந்தவருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்க எவ்வளவு வசதியான சொல்!

துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்றார்கள். நல்லது, நானும் அப்படித்தான் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் அவர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் அழகான பெயர் வேண்டும் என்றா கேட்டார்கள்? வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். பெருஞ்சித்திரனாரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அருமை தெரியவில்லையே என்று முணுமுணுக்காமல், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் வாசலிலேயே போய்ச் சொன்னார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் ஜாடை காட்டுகிறார். பொன்னாடை போட்டுவிட்டீர்கள், வாழ்த்துரையும் நடந்துவிட்டது. இனி மீதி இருப்பது நன்றியுரை ஒன்றுதான். நம் ஊரில் அந்த உரைக்குள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். "அடுத்ததாக நன்றியுரை" என்றதும் பாதிக் கூட்டம் செருப்பைத் தேடப் போய்விடும். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், நாற்காலி அடுக்கியவர், தேநீர் போட்டவர் என்று எல்லாப் பெயரும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதைப் படிக்கப்போகிறவர் நூலகத்தின் உதவியாளர் அம்மா. அவருக்காக என் பேச்சில் ஐந்து நிமிடத்தைக் குறைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள். அம்மா, வாங்க, மைக் உங்களுடையது.